பன்னிரண்டு புள்ளி நாலு

மீட்டர் என்று அவனுக்குப் பேர் வைத்தது அவனுடைய மாமாதான். மாமா என்றால் அக்கா புருஷன். சொந்தமாக ஒரு டீசல் காரை வைத்துக்கொண்டு வாடகைக்கு ஓட்டுகிறவர். ஒருநாள் பட்டறைக்கு வந்தவர், அவன் ஒரே பேட்டரியை மூன்று தடவை சோதித்துவிட்டு நாலாவது தடவைக்கும் மீட்டரைக் கையில் எடுப்பதைப் பார்த்தார். "உனக்கு ஜுரம் வந்தாக்கூட அக்குள்ல மீட்டர் கம்பியத்தான்டா சொருகிப் பார்ப்பே" என்றார். பக்கத்துக் கொட்டகையில் நசுங்கின வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் அதைக் கேட்டுவிட்டான். டிங்கர் காதில் விழுந்தால் தெருவே கேட்ட மாதிரி. அதற்கப்புறம் அவனைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட அக்கா ஒருத்திதான் மிச்சம். அவளும் பாதி நாள் 'டேய்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

காரில் கரண்ட் ஓடுகிற இடமெல்லாம் அவன் வேலை. விளக்கு, ஹாரன், ஸ்டார்ட்டர், அப்புறம் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற பம்ப்புக்குப் போகும் சப்ளை. பழைய காலத்து டீசல் வண்டி ஒருதரம் ஓடத் தொடங்கிவிட்டால் கரண்டைப் பற்றிக் கவலைப்படாது. மாமா வைத்திருந்த மாதிரி வண்டிகளில் பம்ப்பின் தலையில் உள்ளங்கையளவு எலக்ட்ரானிக் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கும். எப்போது பீய்ச்சுவது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதெல்லாம் அதன் முடிவு. அதற்குப் போகிற கரண்ட் கண்சிமிட்டுகிற நேரம் நின்றாலும் எஞ்சின் நின்றுவிடும்.

அவன் வேலையில் சுத்தம். சுத்தம் என்பதைவிட பயம் என்று சொல்லலாம். பூட்டிவிட்டு வந்த பட்டறைக்குத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். இறுக்கின போல்ட்டை மறுபடி இறுக்குகிறவன். தன் கையின் மேல் அவனுக்கு நம்பிக்கை கிடையாது. மீட்டரில் தெரிகிற எண்ணின் மேல்தான் எல்லா நம்பிக்கையும். வேலை முடிந்ததும் அளந்ததை ஓர் அட்டைச் சீட்டில் எழுதி, வண்டிச் சாவியில் நூலால் கட்டித் தருவான். 'பேட்டரி 12.6. சரி.' 'சார்ஜிங் 14.1. சரி.' டிங்கர் அதைப் பிரேத அறைச் சீட்டு என்பான்.

மழை பிடித்து மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மாமா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"மச்சான், வண்டி விக்குதுடா."

"விக்குதுன்னா?"

"மனுஷன் விக்குற மாதிரிதான். ஓடிட்டே இருக்கும், ஒரு விக்கு. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி போகும். காலைல ரெண்டு தடவை. அதுவும் பள்ளத்துல இறங்கி ஏறுறப்ப."

"டீசல் எங்க போட்டீங்க?"

"எப்பவும் போடுற எடம்தான். நீ ஆரம்பிக்காதே. வாத்தியாரை நாளன்னிக்கி கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். புதன்கிழமைன்னா அவருக்கு நான்தான். வேற வண்டியில ஏற மாட்டாரு. ஏறினாலும் அந்த டிரைவர் பாதி வழியில எறக்கி விட்டுருவான், அவ்வளவு பேச்சு."

வாத்தியார் ஓய்வுபெற்றவர். பின் சீட்டில் உட்காரவே மாட்டார். மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் கடைப் பலகைகளில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்திக்கொண்டு வருவார். ஒரு கண்ணில் புரை, அடுத்ததில் அறுவை செய்த கட்டு. அப்படியும் பிழை தப்பாது.

மீட்டர் எஞ்சின் மூடியைத் தூக்கி, தலைக்கு மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டான். தகரக் கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் அவன் பிடரியில் சரியாக விழுந்தது. ஃபியூஸ் பார்த்தான். கரண்டைத் திறந்து மூடுகிற ரிலேயைக் கழற்றி, ஆட்டிக் காதில் வைத்துப் பார்த்துத் திரும்பப் போட்டான். பம்ப் தலையில் சொருகியிருக்கும் பிளக்கைப் பிடுங்கினான். சாவியைப் போடச் சொல்லி, பிளக்கின் ஓட்டைக்குள் மீட்டரின் சிவப்புக் கம்பியையும் எஞ்சின் உடம்பில் கறுப்புக் கம்பியையும் வைத்தான். பன்னிரண்டு புள்ளி நாலு. கம்பியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே எண். மூன்றாவது தடவையும்.

"சப்ளை சரியா இருக்கு மாமா. டீசல்ல தண்ணி கலந்திருக்கும். ஃபில்டரை மாத்திருங்க."

"அதானே, தண்ணிக்குள்ளயே குடும்பம் நடத்துறோம். டீசல்ல மட்டும் இல்லாம இருக்குமா?"

அன்றைக்கே ஃபில்டரை மாற்றினார்கள். செவ்வாய்க்கிழமை வண்டி விக்கவில்லை. சாவியில் சீட்டுத் தொங்கியது: 'பம்ப் சப்ளை 12.4. சரி.'

புதன்கிழமை காலை எட்டரைக்கு, மேட்டிலிருந்து இறங்கி ஆற்றுப்பாலத்துக்குத் திரும்புகிற வளைவில், வண்டி திரும்பவில்லை. நேராகப் போய்ப் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது. வாத்தியார் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதுகூட ஒரு மரியாதைக்குத்தான். மாமாவுக்கு இடுப்புக்குக் கீழே ஒரு கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

கட்டுப் போட்ட கட்டிலருகே போலீஸ்காரர் வந்து என்ன நடந்தது என்று கேட்டபோது, மாமா கூரையைப் பார்த்தபடி, "தூங்கிட்டேன் போலிருக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

* * *

அக்கா வீடு ஒரு சலவைக்கூடத்துக்கு மேலே இரண்டு அறை. அக்கா கீழேதான் வேலை செய்தாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவது. நாள் முழுக்க ஆவி மேலே ஏறி, வீட்டுச் சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். தீப்பெட்டிகூட நமுத்துப் போகும். மீட்டர் கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவன். பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் படுக்கை, சாயங்காலச் சாப்பாடு அக்கா வீட்டில்.

மூன்று வாரமாக அந்தச் சாப்பாடு பேச்சில்லாமல் நடந்தது. முன்பெல்லாம் மாமா அன்றைக்கு ஏறின சவாரிகளைப் போல நடித்துக் காட்டுவார். இப்போது சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, தட்டில் இருக்கும் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே இருந்தார். வாகன ஆய்வாளர் வியாழக்கிழமை வண்டியைக் கடைசியாகப் பரிசோதித்து அறிக்கை கொடுக்கப் போகிறார். வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதினால் தூங்கினதுதான் காரணம் என்று முடிவாகிவிடும். ஓர் உயிர் போயிருக்கிறது. மாமா உள்ளே போக வேண்டியதுதான். திரும்பி வந்தாலும் ஸ்டியரிங்கைத் தொட முடியாது.

"சும்மா அதைப் பிசைஞ்சிட்டே இருக்காதீங்க" என்றாள் அக்கா. "வாயில வையுங்க."

"வெக்கிறேன்."

"உள்ள போனா இதுகூட கிடைக்காது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முட்டை வேகவைத்த பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

மாமா சிரித்தார். "விடுடி. அங்க உருளைக்கிழங்கை அவங்களே பிசைஞ்சு குடுத்துருவாங்களாம்."

வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமாவே பேச்சை மாற்றினார். "தூக்கத்துலகூட என்னென்ன கனவு வருது பாரு மச்சான். வளைவு தெரியுது. திருப்புறேன். ஸ்டியரிங் கல்லு மாதிரி இருக்கு. மல்லுக்கட்டுறேன், வரல. வாத்தியார் 'என்னப்பா'ங்கிறாரு. அவ்வளவுதான். அப்புறம் செவுரு."

மீட்டரின் கையில் இருந்த ரொட்டி அப்படியே நின்றது. "ஸ்டியரிங் கல்லு மாதிரியா?"

"கனவுதான்டா. டெய்லி அதே கனவு."

"ஆக்சிடெண்டுக்கு முன்னாடியா வந்துச்சு அந்தக் கனவு?"

"முன்னாடி எதுக்குடா வரப்போகுது?"

ஸ்டியரிங்கை லேசாகத் திருப்ப வைப்பது எஞ்சினின் பலம்; எஞ்சின் நின்றால்தான் ஸ்டியரிங் கல்லாகும். தூங்குகிறவனுக்கு ஸ்டியரிங் இறுகுவது தெரியாது. மீட்டர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, எஞ்சின் ஏன் நின்றது என்பதுதான்.

படிவரை வழியனுப்ப வந்த அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆக்சிடெண்டுக்கு முந்தின நாள் ராத்திரி முழுக்க எனக்கு ஜுரம் அடிச்சுது தெரியுமா உனக்கு? ஈரத்துணி மாத்தி மாத்திப் போட்டுட்டே உக்காந்திருந்தாரு. படுங்க படுங்கன்னேன். கேக்கல. அப்பறம் நானும் சொல்றதை விட்டுட்டேன். சொகமா இருந்துச்சுடா துணி போட்டது." கைப்பிடிக் கம்பியின் ஈரத்தை முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வியர்த்தது. "அந்த வாத்தியாரை நான்தான் கொன்னேன். இதைப் போலீஸ்ல சொன்னா என்னைப் பிடிப்பாங்களா?"

"போக்கா. ஜுரத்துக்கெல்லாம் யாரும் பிடிக்க மாட்டாங்க."

படி இறங்கிப் போனான்.

* * *

மறுநாள், அதாவது புதன்கிழமை, காய்கறி வேன் ஒன்று வந்தது. முன்விளக்கு ஒன்று எரியவில்லை. மீட்டர் பல்பைக் கழற்றிவிட்டு, பல்ப் உட்காரும் இடத்தில் கம்பியை வைத்தான். பன்னிரண்டு புள்ளி ஐந்து. புதுப் பல்பைப் போட்டான். எரியவில்லை. வேன்காரர், "கரண்ட் வருதுன்னியே?" என்றார்.

"வருது. ஆனா வராது."

"என்னய்யா இது, கல்யாணத் தரகன் மாதிரி பேசுறே?"

"வயர் உள்ள அரிச்சிருக்குங்க. ஒரு இழை மட்டும் ஒட்டிட்டு இருக்கும். பல்ப் இல்லாதப்ப மீட்டருக்கு அந்த ஒரு இழை போதும், முழுசாக் காட்டும். பல்பைப் போட்டு இழுத்தா..."

சொல்லிக்கொண்டிருந்தவன் அங்கேயே நிறுத்தினான். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. விளக்கு வேலையில் இது அவனுக்கு முதல் வருஷமே தெரிந்த விஷயம். இந்த மாதிரி நூறு விளக்கு பார்த்திருப்பான். பம்ப் பிளக்கையும் அன்றைக்குப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் அளந்தான். பிடுங்கி வைத்த பிளக் எதையும் இழுக்காது. முறைப்படி செய்வதென்றால் பிளக்கைத் திரும்பச் சொருகி, பேட்டரியையும் அதன் அடித்தட்டையும் எடுத்துவிட்டு, பின்பக்கமாகக் கம்பியை நுழைத்து, எஞ்சின் ஓடும்போது வயரை ஆட்டிப் பார்க்க வேண்டும். முக்கால் மணி நேர வேலை. பிடரியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எண் சரியாக இருந்தது.

வேன் போனபின் டிங்கரிடம் சொன்னான். டிங்கர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். அவன் எதையும் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறவன் இல்லை.

"உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. வண்டி பூட்டிக் கெடக்கு. நாளைக்குத்தான் திறப்பாங்க."

"அப்ப வாயை மூடிட்டு இரு. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தா, ஆய்வாளர் கண்டுபிடிக்கட்டும். அவங்க வேலை அது."

"கண்டுபிடிக்கலைன்னா?"

"அப்ப உன் சீட்டு சரியாத்தான் இருந்துச்சுன்னு அர்த்தம்."

"மாமா உள்ள போயிருவாரு."

"அவரே தூங்கினேன்னு சொல்லிட்டாரே. நீ என்ன, அவரைவிட அவருக்கு வேண்டியவனா?" டிங்கர் சுத்தியலை எடுத்தான். பிறகு அடிக்காமல் நின்றான். "இந்தத் தெருவுல உன் பேரைச் சொன்னா வண்டிய விட்டுட்டுப் போறாங்கடா. அது ஒருநாள்ல வந்த பேர் இல்ல. அதைத்தான் சொல்றேன்."

* * *

விபத்து வண்டிகளை நிறுத்தி வைக்கிற மைதானம் ஊருக்கு வெளியே. சேறு கணுக்காலுக்கு மேல். மாமா ஊன்றுகோலை ஒவ்வொரு தரமும் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி நடந்தார். ஒரு பக்கம் அக்கா பிடித்துக்கொண்டாள். மீட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். வண்டிக்காரர் தரப்பில் ஒரு எலக்ட்ரீஷியன் கூட இருக்கலாம் என்பது விதி.

ஆய்வாளர் ஐம்பது வயதுப் பெண்மணி. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி. அவருடைய கோப்பில் முதல் தாளிலேயே, பிளாஸ்டிக் உறைக்குள், அவன் கட்டின சீட்டு இருந்தது.

"இது உங்க எழுத்தா?"

"ஆமா மேடம்."

"எல்லாப் பட்டறையும் இப்படி எழுதிக் கட்டினா என் வேலை பாதியாயிரும்."

பிரேக், டயர், ஸ்டியரிங் இணைப்புகள் எல்லாம் போன வாரமே பார்த்து முடித்திருந்தார். மிச்சம் பம்ப். வண்டியின் பேட்டரி பக்கம் அடிபடாமல் தப்பியிருந்தது. தான் கொண்டுவந்த பேட்டரியை இணைத்தார். பம்ப் தலையிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். சாவியைத் திருப்பினார். ஓட்டைக்குள் கம்பியை வைத்தார். மீட்டர் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றைக்கு அவன் கை எங்கே எப்படி இருந்ததோ, அவர் கையும் அங்கேயே அப்படியே இருந்தது.

"பன்னெண்டு புள்ளி மூணு" என்றார். "உங்க சீட்டுல நாலு. பேட்டரி வேற, அதனால. நல்ல கை உங்களுக்கு." பேனாவை எடுத்தார்.

மாமா தலையை ஆட்டினார், ஏதோ எதிர்பார்த்த கடிதம் வந்துவிட்ட மாதிரி. அக்கா அவருடைய சட்டைக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பேசாமல் இருந்தால் போதும். எழுதுகிற நேரம் அரை நிமிஷம்கூட ஆகாது. மீட்டர் அந்த அரை நிமிஷத்தில் பாதி பேசாமல்தான் நின்றான்.

"மேடம், அது பத்தாது."

"எது?"

"பிளக்கைப் புடுங்கிட்டு அளந்தா பத்தாது. பைப்பை அடைச்சு வெச்சிருக்கிறப்ப தண்ணியோட அழுத்தம் முழுசாத்தான் காட்டும். திறந்து விட்டாத்தான் வருதா, சொட்டுதான்னு தெரியும். ஏதாவது கரண்டை இழுக்கணும். என்கிட்ட பல்ப் இருக்கு."

ஆய்வாளர் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "அப்ப உங்க சீட்டு?"

"சீட்டும் பத்தாது மேடம்."

பெட்டியிலிருந்து முன்விளக்குப் பல்ப் ஒன்றை எடுத்தான். அதன் இரண்டு வயரில் ஒன்றைப் பிளக்கின் ஓட்டையிலும் இன்னொன்றை எஞ்சினிலும் வைத்தான். கண்ணைக் கூசும்படி எரிய வேண்டிய பல்ப். உள்ளே இருந்த கம்பி பீடி நுனி மாதிரி ஒரு சிவப்புக் காட்டியது. அப்புறம் அதுவும் இல்லை. அவன் இன்னொரு கையால் பேட்டரித் தட்டுக்கு அடியில் போகும் வயர்க் கொத்தை லேசாக நெருடினான். சிவப்பு வந்தது, போனது, வந்தது.

"விக்குதே" என்றார் மாமா. "மச்சான், விக்குதே!"

ஆய்வாளர் மண்டியிட்டார். பேட்டரித் தட்டைக் கழற்றி, வயர்க்கொத்தின் மேல் சுற்றியிருந்த நாடாவைப் பிளேடால் கீறிப் பிரித்தார். சிவப்பு வயர் ஓர் இடத்தில் புடைத்திருந்தது. மேலுறையைச் சீவினார். உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைப் பொடி. பொடிக்கு நடுவில் மயிரிழை மாதிரி ஒன்றே ஒன்று.

"மூணு வாரத்துல இவ்வளவு பச்சை பிடிக்காது. வருஷக்கணக்காகும்" என்றார். "இது மோதினதால வந்ததில்ல. மோதுறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு." மாமாவைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க தூங்கலைங்க. எஞ்சின் நின்னுருக்கு."

அக்கா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமா ஊன்றுகோலின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

ஆய்வாளர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சீவின உறையைக் கண்ணாடியை மடித்து லென்ஸ் மாதிரி பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி எப்படி உள்ள போச்சு? எலி கடிக்கல. உரசின தடமும் இல்ல." விரல் நகத்தால் காட்டினார். "ஓட்டை. ஊசி ஓட்டை."

எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் செய்வதுதான். வயரின் நடுவில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க, வெட்டிப் பிரிக்கச் சோம்பல்பட்டு, சோதனை ஊசியை உறைக்குள் குத்துவது. செம்பில் பட்டதும் விளக்கு எரியும். ஊசியை எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. அதன் மேல் ஒரு பொட்டுப் பசை வைக்க வேண்டும். வைக்காவிட்டால் மழை தன் வேலையைச் செய்யும்.

மீட்டருக்கு நினைவு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், நல்ல வெயில் நாள், மாமாவின் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அவன்தான் மல்லாந்து படுத்து அந்தக் கொத்தில் குத்திப் பார்த்தான். ரிலேதான் கோளாறு, மாற்றினான். எப்போதும் பசை வைப்பான். எப்போதும். அன்றைக்கு வைத்தோமா என்று இந்த இரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட அவனுக்குச் சந்தேகம் வந்ததில்லை. எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவன் அவன்.

"யார் குத்தினது இது?" என்றார் ஆய்வாளர்.

மாமா தலையை நிமிர்த்தினார். மச்சானின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். அவருக்கு அது போதும். "வெளியூர்ல ஒருதடவை நின்னுபோச்சு மேடம்" என்றார் சட்டென்று. "வழியில ஒருத்தன் பார்த்துக் குடுத்தான். அவனா இருக்கும்."

"எந்த ஊர்?"

"அது... மலைப்பக்கம்."

"எப்போ?"

"போன... அதுக்கு முந்தின வருஷம்."

"ஆள் எப்படி இருந்தான்?"

"மெக்கானிக் எப்படி இருப்பான் மேடம், அழுக்கா இருந்தான்."

அக்கா சேற்றிலிருந்து எழுந்து புருஷனைப் பார்த்தாள். அவர் பொய் சொல்லும்போது காதைத் தொடுவார், தொட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்வை அங்கிருந்து மெதுவாக நகர்ந்து தம்பியிடம் வந்தது. அவன் பல்பைப் பெட்டிக்குள் வைத்தான்.

"நான்தான் மேடம்" என்றான் மீட்டர். "அந்த வண்டியை வேற யாரும் தொட்டதில்ல."

"குத்தினதும் நீங்க. சரின்னு எழுதினதும் நீங்க."

"ஆமா."

ஆய்வாளர் எழுந்து, முழங்கால் சேற்றை வழித்து உதறினார். கொஞ்சம் முன்னால் 'நல்ல கை' என்று சொன்ன அதே முகம். "தெரிஞ்சுதான் சொல்றீங்களா? உயிர் போயிருக்கு. பட்டறை போயிரும். அதோட நிக்காது."

"தெரியும் மேடம்."

"இங்க எழுதுங்க. உங்க கையாலயே எழுதுங்க."

எழுதினான். எழுத்து கோணவில்லை. அது அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

* * *

பஸ் நிறுத்தத்தில் மூவரும் நின்றார்கள். கூரை ஒழுகாத இடம் ஒன்றுதான் இருந்தது. அதில் மாமாவை உட்காரவைத்தார்கள்.

"எதுக்குடா சொன்னே?" என்றார் மாமா. "நான் பார்த்துட்டிருந்தேன்ல? அந்தம்மா நம்பிட்டாங்க."

"நம்பல மாமா. அழுக்கான மெக்கானிக்காம்."

மாமாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அது வேறு எதுவாகவோ மாறி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் தூங்கலடா" என்றார். "தூங்கவே இல்ல. முழிச்சுட்டேதான் இருந்தேன்."

அக்கா சாலையைப் பார்த்தபடி பேசினாள். "ரெண்டு தடவை போனோம் அந்த வாத்தியார் வீட்டுக்கு. இந்தக் காலோட இவரை இழுத்துட்டுப் போனேன். மன்னிப்புக் கேக்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு. அவர் வீட்டுக்காரம்மா கதவைத் திறக்கல. ஜன்னல் வழியாவே கேட்டாங்க, 'தூக்கம் வந்தா ஓரமா நிறுத்தக் கூடாதா'ன்னு. என்ன பதில் சொல்றது? எனக்கு ஜுரம்னு சொல்றதா?" மூச்சை இழுத்துவிட்டாள். "மூணு வாரம். இவரு துணி போட்ட கையப் பார்க்கறப்பல்லாம் வாத்தியார் மூஞ்சி எனக்கு. நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தே."

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு தெரியும்டா." அவள் குரல் உயரவில்லை. "தெரியாதுங்கிறதாலதான் உன்னை என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியல."

பஸ் வந்தது. மாமாவை இரண்டு பேருமாகத் தூக்கி ஏற்றினார்கள். மீட்டர் படியில் கால் வைக்கவில்லை.

"ஏறுடா" என்றார் மாமா உள்ளேயிருந்து.

"அவன் வரல" என்றாள் அக்கா. அவனிடம் திரும்பினாள். "வாத்தியார் வீட்டுக்கு இன்னிக்கே போயிரு. வேற யாரும் போய்ச் சொல்றதுக்கு முன்னாடி. பாலத்துக்கு அந்தப் பக்கம், பச்சைக் கதவு."

மழை தூறலாகக் குறைந்திருந்தது. ஒரு மணி நேர நடை. பாலத்துக் கைப்பிடிச் சுவரில் புதுச் செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள், இன்னும் பூசவில்லை. அவன் அதைத் தாண்டும்போது எதிர்ப் பக்கமாக நடந்தான்.

பச்சைக் கதவுக்குப் பக்கத்தில் அழைப்பு மணியின் பொத்தான். அழுத்தினான். சத்தம் வரவில்லை. வழக்கம்போல இரண்டாவது தடவை அழுத்தினான், மூன்றாவது தடவையும். பிறகு விரல் மடக்கித் தட்டினான்.

உள்ளே செருப்பு உரசுகிற சத்தம். கதவு ஒரு கை அகலத்துக்குத் திறந்தது. வாத்தியாரின் மனைவி குள்ளமாக, தோளில் ஒரு துண்டோடு நின்றார். அவன் முகத்தை அவருக்குத் தெரியாது. கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார், அதிலிருந்து எட்டிப் பார்த்த வயர்களைப் பார்த்தார்.

"எலக்ட்ரீஷியனாப்பா? பெல் சரி பண்ணவா? நான் யாரையும் கூப்பிடலையே."

"நீங்க கூப்பிடலம்மா."

"அவரு சொல்லி வெச்சிருந்தாரா?" என்றார். முகம் சட்டென்று இளகியது. "சொல்லிட்டேதான் இருந்தாரு, ஆளைக் கூப்பிட்டிருக்கேன், வருவான் வருவான்னு. வா, உள்ள வா. கால் ஈரமாயிருந்தாப் பரவாயில்ல."

கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

மீட்டர் பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்தான்.

"இல்லம்மா" என்றான். "அவரு போன வண்டியச் சரியா இருக்குன்னு எழுதிக் குடுத்தது நான்."